ஆடு தொடாத செடி

ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு மகள் தமிழினி போனில் கூப்பிடுவாள். அறிவழகன் மதியத்திலிருந்தே வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தார். யாராவது கேட்டால் வேலியைப் பார்ப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம்.

கூப்பிடுவது அம்மாவைத்தான். மனைவி அன்புச்செல்விக்கு முழங்கால் மடங்காது. குனிந்து, மகள் வளர்த்த ஆமையைப் போனில் காட்டும் வேலை அறிவழகனுடையது. கையை நீட்டிப் பிடிப்பார்; முகம் படத்தில் விழாது. சித்திரையில் தமிழினி சூரமங்கலத்துச் சேவியர்ராஜைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து அப்பாவும் மகளும் பேசவில்லை. அவள் விட்டுப்போனது இந்த ஆமை ஒன்றுதான். சோற்றுக் குண்டா அளவு, ஆப்பிரிக்க ஜாதி, கடையில் வாங்கியது.

அறைக்குள் சுவரை முட்டிக்கொண்டே இருந்ததைப் பொறுக்காமல் கொல்லையில் கம்பிவலை கட்டி வெளியே விட்டதும் அவர்தான். அது தின்ன செம்பருத்தி, அருகம்புல், சப்பாத்திக்கள்ளி வைக்கலாம் என்று மகள் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். வைத்தார். பக்கத்துத் தோட்டத்து ஆண்டியின் ஆடுகள் வலைமேல் எக்கிச் செம்பருத்தியை மொட்டையடித்தன. மறுபடி வைத்தார். மறுபடி மொட்டை. எந்தச் செடியைப் பார்த்தாலும் ஆடு தின்னுமா, தின்னாதா என்றுதான் அவருக்குப் புத்தி போகும். போன வாரம் வலையின் உட்புறம் அரளிக் கன்றுகளை நட்டார். ஆடுகள் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப்போயின. அன்று நன்றாகத் தூங்கினார்.

"ஆமைக்குச் செடி செடியா நடறீங்க. புள்ளைகிட்ட ஒரு வார்த்த பேசறதுக்கு வாய் வலிக்குதாக்கும்" என்றாள் அன்புச்செல்வி.

போன் அடித்தது. குனிந்து நீட்டினார்.

"அம்மா, அது என்னுங்க பின்னால, ரோஸ் கலர்ல?"

"அரளி சாமி. உங்கொப்பா வெச்சது. ஆடு தின்னாதாமா."



"அப்பா."

அவர் போனை இன்னும் தள்ளிப் பிடித்தார்.

"ஆடு தின்னாதுன்னா அது வெசமுங்கப்பா. ஆமை தின்னுபோடும். இதுக்குத் தெரியாதுங்க."

ஆட்டுக்குட்டி தாய் பின்னாலேயே மேய்ந்து கற்றுக்கொள்ளும். கடைக் கூண்டில் வளர்ந்ததற்கு யார் காட்டிக்கொடுப்பார்கள்? போனைப் புல்லில் போட்டுவிட்டு ஆமையைத் தூக்கினார். வாயோரத்தில் ரோஸ் நிறத்தில் ஓர் இதழ் ஒட்டியிருந்தது. அதைத் துடைத்தார். தின்றதா, சும்மா ஒட்டிக்கொண்டதா? ஓரக் கன்றின் அடிக்கொத்து வெறும் காம்பாக நின்றது. நேற்று அதில் பூ இருந்ததா? நினைவுக்கு வரவில்லை. ஆமையைக் கீழே விட்டு ஒவ்வொரு கன்றாகப் பிடுங்கி வலைக்கு வெளியே எறிந்தார். விரல்கள் பிசுபிசுத்தன.

புல்லில் கிடந்த போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார்.

"வாயில பூ ஒட்டியிருந்துச்சு கண்ணு."

அந்தப் பக்கம் யாரோ எழுந்து ஓடும் சத்தம். சாவிக்கொத்து குலுங்கியது.

"எதுவும் குடுத்துப்போடாதீங்க. நாமக்கல்லுல தெரிஞ்ச டாக்டர் இருக்காருங்க. எங்க ஊட்டுக்காரரு கார எடுத்துட்டாரு. நாங்க வாரோம்."

பிடுங்கிய குழிகளில் ஒன்றின் விளிம்புக்கு ஆமை வந்து நின்று, ஈர மண்ணை மோந்தது. அன்புச்செல்வி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஊட்டுக்குள்ள வர வேண்டாம்னா அவரு ரோட்டுலயே நின்னுக்குவாருங்க. நான் என்ன சொல்லட்டுமுங்கப்பா?"