மீன் வளர்வதற்குள்

என் வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது. சாப்பிட உட்கார்ந்தால் மேசையில் தாளம் போடுவார். போன் பேசினால் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடப்பார். காலமெல்லாம் நெடுந்தூர லாரி ஓட்டிய உடம்பு அது. தோள்பட்டை எலும்பு முறிந்து வீட்டோடு கிடந்தபோதுகூட ஒற்றைக் கையால் கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். அவர் கழற்றும் வரைக்கும் அந்தத் தாழ்ப்பாள் நன்றாகத்தான் இருந்தது.

தோள் ஆறியதும் அந்தக் கை என் குளத்துப் பக்கம் திரும்பியது. என் குளம் என்றுதான் சொல்வேன். அவர் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் கொல்லைப் பள்ளத்தை வெட்டி, கரை கட்டி, மீன்குஞ்சு வாங்கி விட்டு, முதல் தடவை விட்டதில் பாதியைச் சாகக் கொடுத்து, அடுத்த தடவை தலை நிமிர்ந்தவள் நான். வலை வீசவும் நானேதான் கற்றுக்கொண்டேன். ஆனால் அவர் வந்து தீவனச் சட்டியைக் கையில் வாங்கிக்கொண்டபோது சந்தோஷமாகக் கொடுத்துவிட்டேன். அதற்குக் காரணம் இருந்தது.

அவருடைய லாரி முதலாளி இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார். அடிக்கடி போன் வரும். ஒருநாள் அடுப்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். "குளத்துல மீன் கிடக்குது முதலாளி. அது வளரட்டும், அப்புறம் சொல்றேன்" என்றார் இவர். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மீன் நன்றாக வளர்ந்து நல்ல விலைக்குப் போய்விட்டால் மனுஷன் லாரியை மறந்துவிட்டு வீட்டோடு இருந்துவிடுவார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அவரிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டு, வேறு பதில் வந்துவிட்டால்? எனக்கு அவர் வீட்டில் வேண்டும். என் தவிப்பெல்லாம் அது ஒன்றுக்காகத்தான். அதனால் மீன் வளர வேண்டும், அதுவும் சீக்கிரம் வளர வேண்டும்.

தீவனத்துக்குக் கணக்கு உண்டு. மீனின் எடையில் நூற்றுக்கு இத்தனை பங்கு என்று போட வேண்டும். குஞ்சாக இருக்கும்போது பங்கு அதிகம், வளர வளரக் குறைந்துகொண்டே வரும். அதற்காக அவ்வப்போது வலை வீசிக் கொஞ்சம் மீனைப் பிடித்து நிறுத்துப் பார்ப்போம். ஒரு மீன் சராசரியாக என்ன எடை என்று தெரிந்தால் குளத்து மீன் மொத்தமும் என்ன எடை என்று போட்டுவிடலாம். தீவனமும் அதற்குத் தகுந்தபடி. வலையை அவர் வீசுவார், கணக்கை நான் போடுவேன்.

தீவனம் போடுவதற்காகக் கரையிலிருந்து தண்ணீருக்கு மேல் ஒரு பலகை நீட்டி வைத்திருந்தோம். அதில் அவர் காலடி பட்டாலே மீன்கள் திரண்டு வந்துவிடும். வலையையும் அங்கேயே நின்று வீசினார். ஒரே வீச்சில் வலை கனத்தது.

"பாத்தியா! எப்படித் திமிறுது பாரு ஒவ்வொண்ணும்!" என்று குதித்தார்.

நானும் குதிக்காத குறைதான். சராசரி எகிறியது, தீவனமும் எகிறியது. அதற்கு மேலும் அவர் சட்டியைத் தூக்கிக்கொண்டு போவார். திட்டினால், "வாயைத் தொறந்துக்கிட்டு வருதுங்க, பாத்துக்கிட்டே சும்மா நிக்கச் சொல்றியா?" என்பார். தீவன அறையைப் பூட்டிச் சாவியை ஒளித்து வைத்தேன். கண்டுபிடித்துவிட்டார். உண்மையைச் சொன்னால், பாதி நாள் நான் பார்த்தும் பார்க்காத மாதிரிதான் இருந்தேன். அவர் அள்ளிக் கொட்டுவதெல்லாம் இங்கேயே தங்கிவிடும் ஆசையில் கொட்டுவதாக எனக்குப் பட்டது. அந்த ஆசையைப் பூட்டி வைக்க எனக்கு மனசு வரவில்லை.

ஒருநாள் காலையில் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். "ஏய், இங்க ஓடி வா! பசியில துடிக்குதுங்க!" என்று குளத்திலிருந்து கத்தினார்.

சீப்பும் கையுமாக ஓடினேன். குளம் முழுக்க வாய்கள். பலகையருகில் மட்டும் இல்லை, கரையோரம், நடுவில், எங்கே பார்த்தாலும் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. இவர் சட்டி சட்டியாக வாரி இறைத்துக்கொண்டிருந்தார். வழக்கமாகத் தீவனம் விழுந்தால் அடித்துப் பிடித்துக்கொண்டு பாயும். அன்றைக்கு ஒன்றும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தீவனம் அதன் பாட்டுக்கு மூழ்கியது. சட்டியைப் பிடித்து இழுத்தேன்.

"நிறுத்துங்க! அதுங்க பசிக்கு வாயைத் தொறக்கல, மூச்சுக்குத் தொறக்குது!"

அவர் சட்டியைக் கீழே போட்டார். ஏரேட்டரைப் போட ஓடினார். தண்ணீரை அடித்துக் காற்றுக் கலக்கும் அந்த இயந்திரம் அவசரத்துக்குக் கிளம்புமா? அதன் கோளாறு அது. உதைத்து, கெஞ்சி, கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லி ஓட வைத்தார். நான் பம்புசெட்டைப் போட்டுப் புதுத் தண்ணீர் விட்டேன். வெயில் ஏறிய பிறகுதான் மீன்கள் உள்ளே போயின. ஒரு கூடை செத்து ஒதுங்கியிருந்தது. அதை எடுத்துப் புதைக்கும்போது எனக்கு அழுகை அழுகையாக வந்தது. மகள் பாதி பின்னிய தலையோடு பள்ளிக்கூடம் போய்விட்டிருந்தாள்.

குஞ்சு விற்றவருக்குப் போன் போட்டேன். மனுஷன் உடனே பைக்கில் வந்து இறங்கினார். குளத்தடிச் சேற்றை ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"தின்னாத தீவனம் பூரா அடியில கிடந்து அழுகுதும்மா. தண்ணியில இருக்கிற காத்தையெல்லாம் அந்த அழுகலே குடிச்சிடுது. மீனுக்கு எங்க மிஞ்சும்?"

"எடை பாத்துத்தாண்ணே போட்டோம். அதுக்கு மேல இவரு கொஞ்சம் தாராளம், அவ்வளவுதான்."

"எடைக்கு வலைய எங்க நின்னு வீசினீங்க?"

"பலகையிலதான்" என்றார் என் வீட்டுக்காரர் பெருமையாக. "ஒரே வீச்சுல வலை ரொம்பிடும்."

குஞ்சு விற்றவர் தலையில் அடித்துக்கொண்டார். "ரொம்பாம என்ன செய்யும்? பந்தியில முண்டியடிச்சு முதல்ல உக்கார்ற தடியனை மட்டும் நிறுத்துப் பாத்துட்டு, ஊரே கொழுத்துப் போச்சுன்னு சமைச்சிருக்கீங்க ரெண்டு பேரும்!"

குளத்தின் கடைக்கோடி மூலைக்குப் போய் அவரே வலை வீசினார். உள்ளங்கை அகலத்துக்கு மேல் ஒன்றுகூட இல்லை. பெரியவை பலகையை வளைத்துக்கொண்டு தின்று கொழுக்க, சின்னவை கிட்டே வர முடியாமல் அங்கேயே ஒதுங்கிக் கிடந்திருக்கின்றன. எல்லா மூலையிலும் பிடித்து மறுபடி கணக்குப் போட்டால், எங்கள் சராசரி பாதியாக இறங்கியது. இருந்ததற்கு ஏறக்குறைய இரண்டு பங்கு தீவனம் கொட்டியிருக்கிறோம். என் கணக்கில் பெருக்கல் தப்பவில்லை, பெருக்கிய மீன்தான் தப்பு.

"தண்ணி தெளியற வரைக்கும் ஒரு உருண்டை கூட விழக் கூடாது" என்றார் கிளம்பும்போது. "பட்டினியில மீன் சாகாது. அப்புறம் குறைச்ச கணக்குல, நாலு கரையிலயும் பரத்திப் போடுங்க. சின்னதுக்கும் கிடைக்கட்டும்."

தீவனம் போடக் கூடாது என்றதும் என் வீட்டுக்காரர் பட்ட பாடு இருக்கிறதே! பலகைப் பக்கம் போனால் மீன் வருகிறது என்று கொல்லைக் கதவையே சாத்தி வைத்தார். சாத்திய கதவுக்கு முன்னால் நடை. கீல்களுக்கு எண்ணெய் விட்டார், கழற்றினார், மறுபடி மாட்டினார். "அப்பாவுக்கும் ஒரு ஏரேட்டர் வைக்கணும்மா" என்றாள் என் மகள். சிரித்தேனே தவிர எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. ஒவ்வொரு தடவை போன் அடித்தபோதும் கையில் இருந்த பாத்திரம் நழுவியது.

தண்ணீர் தெளிந்தது. குறைந்த கணக்கில் மறுபடி ஆரம்பித்தோம். சின்னவையும் வளரத் தொடங்கின, ஆனால் சாவகாசமாக. எனக்கு அந்தச் சாவகாசம் பொறுக்கவில்லை. ஏனென்றால் முதலாளி கெடு வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவாராம். மீன் இன்னும் சிறுசு என்று தெரிந்தால் இவர் மனசு வெறுத்துக் கிளம்பிவிடுவார் என்று நான் நடுங்கினேன்.

அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்தேன். அவர் ஏரேட்டரில் ஏதோ குடைந்துகொண்டிருந்தபோது வலையை நானே எடுத்துக்கொண்டேன். பலகையில் நின்று, காலால் இரண்டு தட்டுத் தட்டி, அவை திரண்டு வந்ததும் வீசினேன். எல்லாம் தடியன்கள். கூடையோடு கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"எல்லா மூலையிலயும் வீசிட்டேங்க. நீங்களே நிறுத்துப் பாருங்க."

நிறுத்தார். முகம் அப்படியே மலர்ந்தது. அந்த முகத்தைப் பார்த்து எனக்குக் குற்ற உணர்ச்சிகூட வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"முதலாளி, மீன் வளந்துடுச்சு. இந்த வாரமே பிடிச்சிடலாம். அடுத்த வாரம் நான் வண்டிக்கு வந்துடறேன்."

நான் கிட்டே போய் நின்றேன்.

"எங்க வந்துடறீங்க?" என்றேன், அவர் போனை வைத்ததும்.

"வண்டிக்குத்தான். ஏன், உனக்குத் தெரியாதா? உன்னை அந்தரத்துல விட்டுட்டுப் போகக் கூடாதுன்னுதானே இத்தனை நாள் இருந்தேன். இதை வித்து உன் கையில கொடுத்துட்டா நான் நிம்மதியாக் கிளம்பலாம்."

"அப்ப அதுக்குத்தான் அள்ளி அள்ளிக் கொட்டினீங்களா? சீக்கிரம் போறதுக்கு?"

அவர் தராசுத் தட்டைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். பிறகு, "வீட்டுல இருந்தா எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. நீ எல்லாத்தையும் பாத்துக்கறே" என்றார் மெதுவாக.

எனக்கு வந்த கோபத்தில் கண் மண் தெரியவில்லை. அழக்கூடத் தோன்றவில்லை. வலையை இழுத்துக்கொண்டு கடைக்கோடி மூலைக்கு நடந்தேன். அவர் பின்னாலேயே வந்தார். வீசி இழுத்து, துள்ளிய பொடிசுகளை அவர் காலடியில் கொட்டினேன்.

"இதையும் நிறுத்துட்டுப் போன் பண்ணுங்க."

"எல்லா மூலையிலயும் வீசினேன்னு சொன்னே?"

"பொய் சொன்னேன்."

ஏன் என்று கேட்பார் என்று நின்றேன். கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். அவர் குனிந்து அந்தப் பொடிசுகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டார். பிறகு போனை எடுத்து, மீன் இன்னும் வளரவில்லை என்று சொல்லிக்கொண்டே கரையோரம் நடந்தார். முதலாளி கத்தியது எனக்கே கேட்டது. "மீனாம் மீன்! சரி, பிடிச்சு முடிச்சிட்டு வந்து சேரு. உன்னை மாதிரி ஆளு எனக்கு எங்க கிடைக்கப் போறான்" என்றுதான் அதுவும் முடிந்தது.

மறுநாள் காலையில் தீவனச் சட்டியை என்னிடமே கொடுத்துவிட்டார். "நீயே அளந்து போடு. கணக்குப்படி இருக்கட்டும், கூடவும் வேணாம் குறையவும் வேணாம்" என்று சொல்லிவிட்டு மகளுடைய சைக்கிள் சங்கிலியைக் கழற்ற உட்கார்ந்தார்.

கணக்குப்படி அளந்தேன். சங்கிலிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மீன் வளர்ந்ததும் அந்தச் சத்தம் நின்றுவிடும். சட்டியிலிருந்து ஒரு கை அள்ளி மூட்டைக்குள் திரும்பப் போட்டேன்.

குறைந்தால் முதலில் பட்டினி கிடப்பது அந்தக் கடைக்கோடி மூலைப் பொடிசுகள்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கொஞ்ச நேரம் மூட்டை வாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு இன்னொரு கையும் அள்ளிப் போட்டுவிட்டு, குளத்துக்குப் போனேன்.