முத்தம்மாவின் குரலைத் தேடி

அந்தக் காலத்துப் பேராக்கில் கரியும் நீராவியும் கிடையாது. எல்லாமே மனிதக் குரலில்தான் ஓடியது. பாடினால் ரயில் நகரும், அதட்டினால் விளக்கு எரியும். துரைமார் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒரு திரிகூடப் புகையாது. அதனால்தான் நம் ஆட்களின் குரல்மேல் அவர்களுக்கு எப்போதும் ஒரு கண்.

1924ஆம் வருஷ மழைக்காலத்தில், ஈப்போவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டும் சன்னாசி குளிர்க்காய்ச்சலில் சாகக் கிடந்தான். அவனைப் பிழைக்க வைக்க மந்திரக்காரன் கேட்டது, அவன் மனைவி முத்தம்மாவின் குரலை. அவள் யோசிக்கவே இல்லை. சன்னாசி கண் விழித்தபோது அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. லயத்து வீட்டு வரிசையையே கலகலக்க வைத்தவள் அடுப்படியில் ஊமையாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவன் விக்கி விக்கி அழுதான். உடம்பு தேறியதும் குரலைத் தேடிக் கிளம்பிவிட்டான்.

ஈப்போவில் மந்திரக்காரனைப் பிடித்து உலுக்கினான். பத்து காஜா என்ற ஊரில் ஈயம் வாரும் கப்பலுக்கு விற்றாயிற்று என்றான் அந்தப் பாவி. அங்கே போனால், சேற்றை வாரும் கப்பலுக்குள் எத்தனையோ பெண்களின் குரல் முனகிக்கொண்டிருந்தது.

"முத்தம்மா குரலா? ஓய்ஞ்சுபோச்சு. ஆத்து முகத்துவாரத்துல, பாகான் டத்தோ கிடங்குல இருக்கு. நாளைக்குச் சீமைக்குக் கப்பல் ஏத்திருவாங்க" என்றான் காவலாள்.

சன்னாசி ஒரு படகில் ஏறி, தொண்டை கட்டும்வரை பாடினான். ஆறு அவனைத் தள்ளிக்கொண்டு போனது.

பாகான் டத்தோ தென்னந்தோப்புக்கு நடுவே இருந்த அந்தக் கிடங்கை நஸீரா என்பவள் காத்துவந்தாள். சுவர்த் தட்டுகள் நிறைய மண்கலயங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குரல் சலசலத்தது. சன்னாசி வந்த கதையைக் கேட்டு அவள் மனமிரங்கினாள்.

"ஒங்க பேரச் சொல்லுங்கண்ணே. ஒங்க வீட்டுக் குரலா இருந்தா அந்தப் பேரத் திருப்பிச் சொல்லும். ஒண்ணுதான் எடுக்கலாம். தப்பா எடுத்தா வேற யார் குரலோ அவங்க வாயில ஒக்காந்துக்கும், மாத்த முடியாதுலா."

"சன்னாசி" என்றான். கலயங்கள் தம்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தன. மறுபடியும் சொன்னான். ஒன்றும் திருப்பிச் சொல்லவில்லை.

"இங்க இல்லபோலண்ணே." நஸீராவுக்கே கண் கலங்கிவிட்டது. வாசலில் கப்பல்காரர்கள் வந்து நின்றார்கள்.

சன்னாசி தலையில் அடித்துக்கொண்டான். அடித்த அடியில்தான் புத்தி வந்ததோ என்னவோ. கல்யாணமான நாளிலிருந்து முத்தம்மா அவன் பேரைச் சொன்னதே இல்லையே! புருஷன் பேரென்ன என்று கங்காணி கேட்டால்கூட, பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்லச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை தன் பேரைச் சொன்னான். இப்போது பதில் சொல்லும் கலயத்தை அவன் தேடவில்லை, வாயை மூடிக்கொள்ளும் கலயத்தைத் தேடினான். கீழ்த்தட்டு மூலையில் ஒன்று, அவன் பேர் காதில் விழுந்ததும் சட்டென்று பேச்சை நிறுத்தியது.

"அது ஒண்ணுமே சொல்லலியேண்ணே?"

"அதனாலதான் தங்கச்சி."

கலயத்தை நெஞ்சோடு அணைத்தபடி தோட்டம் வந்து சேர்ந்தான். மூடியைத் திறந்து முத்தம்மாவின் உதட்டில் வைத்தான். அவள் விழுங்கினாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள். தப்பாக எடுத்துவிட்டோமோ என்று சன்னாசிக்கு உயிரே போய்விட்டது.

"ஏங்க" என்றாள் அவள். அதே கரகரப்பு, அதே அதிகாரம். "அத்தன பொம்பளைங்க முன்னால ஒங்க பேரச் சொல்லச் சொன்னா, எனக்கு வெக்கமா இருக்காதா?"