வெர்லின் மகனைப் பற்றி யாரும் பேசவில்லை

ஆகஸ்ட் பிறந்தால் டன்பரியில் மூன்று கடைகளுக்குப் பாதி நாள்தான் வியாபாரம். காரணம் வெயில் இல்லை. அமெரிக்காவின் தெற்கு ஜார்ஜியாவில் வெயிலுக்காகக் கடையைப் பூட்டுவதென்றால் வருஷத்தில் பாதி பூட்டித்தான் கிடக்க வேண்டும். கையால் பந்தை எறிந்தும் ஆடுகிற அமெரிக்க ஃபுட்பாலில், உள்ளூர்க் கல்லூரி அணியின் பயிற்சி முகாம் தொடங்கிவிடும், அதுதான் காரணம். மைதானத்தைச் சுற்றிக் கம்பி வேலி. வேலிக்கு வெளியே பைன் மர நிழலில் மடக்கு நாற்காலிகளைப் போட்டு, ஐஸ்பெட்டியும் அவித்த நிலக்கடலையுமாக மூன்று பேர் உட்கார்ந்துவிடுவார்கள். நீர்நாய்கள் என்ற அந்த அணியில் இந்த வருஷம் யார் தேறுவான், யார் தேறமாட்டான் என்று பயிற்சியாளருக்கு முன்பே முடிவு செய்யும் பொறுப்பை அவர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை. அவர்களாகவே எடுத்துக்கொண்டார்கள்.

பியூட்டி பார்லர் வைனெல் அதில் ஒருவர். நாள் முழுக்க அடுத்தவர் தலையைப் பார்த்துச் சம்பாதிப்பவர், மைதானத்தில் மட்டும் தலையை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். இடுப்பும் பாதமும்தான் அவருக்குக் கணக்கு. இரண்டாவது ஆள் டிராக்டர் உதிரிபாகம் விற்கும் ஹாய்ட். எந்தப் பையன் களத்தில் இறங்கினாலும் அந்தக் காலத்து ஆட்டக்காரன் ஒருவனை இழுத்துவந்து பக்கத்தில் நிறுத்துவார். இந்தக் காலத்துப் பையன் ஒருவன்கூட இதுவரை ஜெயித்ததில்லை.

மூன்றாவது ஆள் வெர்லின் ஸ்டக்கி. கரையானுக்கு மருந்தடிப்பது தொழில். டார்ச்சோடு ஊராரின் மர வீட்டுத் தரைக்கு அடியில் தவழ்ந்துபோய், வெளியே வந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டே, உங்கள் வீடு இன்னும் நிற்பதே ஆச்சரியம் என்று சாவகாசமாகச் சொல்லக்கூடியவர். பையன்களைப் பற்றிச் சொல்வதும் அதே குரலில்தான். ஒருவன் நாலு எட்டு ஓடினால் போதும், அவனுடைய நாலு வருஷத்தையும் சொல்லிவிடுவார். பெரும்பாலும் பலிக்கும். அதுதான் கொடுமை.

வேலியோரத்தில் ஒரு சட்டம் உண்டு. ஆட்டக்காரனின் சொந்தபந்தம் யாராவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், அந்தப் பையனைப் பற்றி நல்லதும் பேசக்கூடாது, கெட்டதும் பேசக்கூடாது. இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே வெர்லின்தான். ஒரு வருஷம், முன்வரிசையில் நிற்கும் கனத்த பையன் ஒருவனைக் குறித்து, இவனைத் தள்ளவே வேண்டாம், பலமாகத் தும்மினாலே விழுந்துவிடுவான் என்று நாக்கில் நரம்பில்லாமல் சொல்லிவைத்தார். பின்னால் உட்கார்ந்திருந்தது அவன் அம்மா. அந்த அம்மாள் எழுந்து வந்தார். ஒரு ஜாடி ஐஸ் டீயை எலுமிச்சைத் துண்டோடு அவர் தலையில் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார். மறுநாளே வெர்லின் எழுந்து நின்று சட்டத்தைச் சொன்னார். மற்ற இருவரும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள்.

அந்தச் சட்டம் இந்த வருஷம் அவர் கழுத்தையே பிடித்தது. அவர் மகன் கோல்பி அணியின் முகாமுக்கு வந்திருந்தான். குனிந்து நின்று, கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் தூரத்தில் நிற்கும் உதைப்பவனுக்கு எறிகிற வேலை. ஒழுங்காகச் செய்கிறவரை அப்படி ஒருவன் இருப்பதே கூட்டத்துக்குத் தெரியாது. கோல்பிக்கு உதவித்தொகை எதுவும் கிடையாது, சொந்த ஆசையில் வந்து நிற்பவன். அதோடு அணியில் இத்தனை பேருக்கு மேல் வைத்துக்கொள்ளக்கூடாது என்று புது விதி வேறு வந்துவிட்டது. அந்த வேலைக்கு முகாமில் இரண்டு பேர் இருந்தார்கள், கோல்பியும் டக்கர் ஸைக்ஸ் என்ற இன்னொரு பையனும். முகாம் முடிவதற்குள் ஒருவன் வீட்டுக்குப் போக வேண்டும்.

போகப்போவது யார் என்று வெர்லினுக்குத் தெரியவில்லை. ஊரில் எவன் பிள்ளையாக இருந்தாலும் பார்த்தவுடன் சொல்லிவிடுகிற மனுஷன், தன் பிள்ளை குனிந்ததும் குருடாகிவிட்டார். ஒரு சமயம் உலகத்திலேயே இவனை மாதிரி எறிய ஆளில்லை என்று தோன்றும். அடுத்த பந்துக்கே, ஐயோ, மானம் போகிறதே என்று கண்ணை மூடிக்கொள்வார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் பயனில்லை. நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தத்தில் பந்து எப்போது போனது, எப்போது சேர்ந்தது என்றே பிடிபடவில்லை.

வைனெலுக்கும் ஹாய்ட்டுக்கும் தெரியும். நிச்சயம் தெரியும். ஆனால் கோல்பி குனியும்போதெல்லாம் வைனெல் கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்துவிடுவார். ஹாய்ட் கடலைத் தோலை உரித்து, பருப்பை விட்டுவிட்டுத் தோலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். சட்டத்தை மதிக்கிறார்களாம்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு சாயங்காலம் வெர்லின் ரேடியோவுக்குப் போன் செய்தார். உள்ளூர் ஸ்டேஷனில் டேல் மிம்ஸ் என்பவர் தினமும் ஃபுட்பால் பேசுவார், ஊர்க்காரர்கள் போனில் கேள்வி கேட்பார்கள். வெர்லின் போன் வாயில் பாத்திரம் துடைக்கிற துணியைச் சுற்றி, மூக்கால் பேசி, பக்கத்து மாவட்டத்திலிருந்து ரே பேசுகிறேன் என்றார். அந்தப் பந்து எறிகிற பையன்களில் ஸ்டக்கியா ஸைக்ஸா, எவன் தேவலை என்று கேட்டார்.

"வெர்லின், நான் பதில் சொன்னா நாளைக்கு வைனெல் எனக்கு முடி வெட்டமாட்டா. துணியை எடுத்துட்டு மனைவிகிட்டக் குடுங்க, பாவம் தேடப்போறாங்க" என்றார் டேல் மிம்ஸ்.

சட்டம் ரேடியோ வரைக்கும் பரவியிருந்தது. மனைவி ஆர்டித் சமையலறையில் இதை முழுக்கக் கேட்டுவிட்டு, கையை நீட்டித் துணியை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் வெர்லின் முகத்தில் ஈயாடவில்லை. பயிற்சி தொடங்கும் முன்பே கேட்டுவிட்டார், நட்புக்காக ஒரே ஒரு தடவை சட்டத்தைத் தள்ளிவைக்கக் கூடாதா என்று. ஹாய்ட் தலை குனிந்துகொண்டார். வைனெல்தான் யோசித்து ஒரு வழி சொன்னார்.

"சொந்தக்காரங்க உட்கார்ந்திருந்தாத்தானே பேசக்கூடாது? எந்திரிச்சுப் போ. வண்டியில போய்க் கண்ணாடியை ஏத்திக்கிட்டு உட்காரு. நாங்க பேசுறோம்."

"திரும்பி வந்ததும் என்கிட்டச் சொல்லுவீங்கல்ல?"

"வந்தா நீ உட்கார்ந்துருவியே. அப்புறம் எப்படிச் சொல்றது?"

இதில் தனக்கு என்ன லாபம் என்று வெர்லினுக்கு விளங்கவில்லை. இருந்தாலும் போனார். மகனைப் பற்றி நாலு வார்த்தை பேசப்படுகிறது என்பதே அப்போது அவருக்குப் போதுமாக இருந்தது.

அவருடைய வேன் மரங்களுக்குப் பின்னால் நின்றது. கூரைமேல் கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு ரப்பர் கரப்பான் பூச்சி மல்லாந்து கிடக்கும், தொழில் விளம்பரம். அதன் கீழே, ஏசி வேலை செய்யாத வேனில், கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு வெர்லின் வெந்துகொண்டிருந்தார். அங்கே வேலியோரத்தில் பேச்சு சூடு பிடித்திருந்தது. வைனெல் எழுந்து நின்று குனிந்து, கால்களுக்கு நடுவே தன் கைப்பையைப் பின்னால் எறிந்து காட்டினார். ஹாய்ட் அதைப் பிடிக்கப் போய் நாற்காலியோடு சாய்ந்தார். கைப்பை உயரமாகப் போனது. பையன் அப்படித்தான் எறிகிறான் என்று குறை சொல்கிறாரா, இல்லை, வைனெலுக்கே அவ்வளவுதான் வருமா? வெர்லின் மண்டையைப் பிய்த்துக்கொண்டார். கடைசியில் ஒரு விரல் நுழைகிற அளவுக்குக் கண்ணாடியை இறக்கினார். ஊரிலிருந்த கொசு, ஈ அத்தனையும் உள்ளே வந்தது. கூடவே வைனெலின் குரலும் வந்தது.

பையன் பிரமாதம் என்று சொல்லிக்கொண்டிருந்தார் வைனெல். பாதத்தை ஊன்றுகிற அழகைப் பார், இடுப்பைப் பார் என்று அடுக்கினார். வெர்லினுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது, அதில் பாதி வியர்வை. அப்புறம் ஹாய்ட் பேசினார்.

"இவனை மாதிரி ஒரு பையனை நான் அந்தக் காலத்துலகூடப் பார்த்தது இல்ல."

வெர்லின் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஹாய்ட் தன் ஆயுளில் இந்தக் காலத்துப் பையன் எவனையும் அந்தக் காலத்துக்கு மேலே வைத்ததில்லை. சொந்த மருமகனுக்கே அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. அது மட்டுமா? இரண்டு பேரும் கொஞ்சம் சத்தமாகவே பேசினார்கள், அதுவும் வேன் பக்கமாகத் திரும்பிக்கொண்டு. இவர் கண்ணாடியை இறக்குவார் என்று தெரிந்தே பேசுகிறார்கள். உயிரோடு இருக்கும் ஒருவரை இந்த இரண்டு பேரும் இப்படிப் புகழ்வதென்றால், பையன் கதை முடிந்தது என்று அர்த்தம்.

வெர்லின் இறங்கிப் போய் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் பேச்சு நின்றுவிட்டது. உள்ளே டக்கர் ஸைக்ஸ் குனிந்தான். பந்து போய் உதைப்பவன் கையில் சப்பென்று அறைந்தது. அடுத்து கோல்பி குனிந்தான். பந்து கிளம்பியது, மேலே எழும்பியது, காற்றில் நிதானமாகப் போய் உட்கார்ந்தது. முகாம் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக வெர்லின் கண்ணுக்குப் பந்து தெரிந்தது. அவர் திரும்பவில்லை.

"மெதுவு. மிதக்குது. அந்த இன்னொரு பையன்தான்" என்றார். வீட்டுக்கு அடியிலிருந்து வெளியே வந்து சொல்கிற அதே குரல். கடைசி வார்த்தையில் மட்டும் பிசிறியது.

ஹாய்ட் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். வைனெல் பக்கத்தில் வந்து நின்றார்.

"அவன் பாதம் நல்ல பாதம், வெர்லின். நான் சொன்னதுல அது மட்டும் பொய் இல்ல."

பயிற்சி முடிந்து பையன்கள் வேலியை ஒட்டி உடைமாற்றும் அறைக்குப் போனார்கள். கோல்பி கூட்டத்தை விட்டு விலகி அப்பாவிடம் வந்தான். ரேடியோ விஷயம் அவன் காதுக்கும் போயிருந்தது, அதைப் பற்றி அவன் கேட்கவில்லை. ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கம்பிக்குள் விரலை விட்டுக்கொண்டான்.

"நல்லா எறியுறே, நல்லா எறியுறேன்னு அம்மாவுலேர்ந்து எல்லாரும் சொல்றாங்கப்பா. நீங்க மட்டும்தான் வாயே திறக்கல. சொல்லுங்க."

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தீர்ப்பு எழுதின வாய். அன்றைக்கு அதைத் திறப்பதற்குள் வெர்லினுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"மெதுவா போகுதுடா. அவன் பந்து போய்ச் சேர்ந்த அப்புறமும் உன் பந்து வழியில இருக்கு."

கோல்பி பெருமூச்சு விட்டான். கோபம் இல்லை. பாரத்தை இறக்கிவைத்தவன் மாதிரி இருந்தது.

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. கோச் கூப்பிட்டுச் சொல்றப்ப, அப்பத்தான் புதுசா கேட்கிறவன் மாதிரி முழிச்சுக்கிட்டு நிக்க வேணாமேன்னு கேட்டேன்."

வெர்லின் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டார். வைனெலும் ஹாய்ட்டும் ஐஸ்பெட்டியை மூடுகிற வேலையில் இறங்கினார்கள். ஒரு மூடியைப் போட இரண்டு பேர் தேவைப்பட்டது.

சனிக்கிழமை பயிற்சியாளர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். கோல்பி நிமிர்ந்து நின்று கேட்டுக்கொண்டு, கைகொடுத்துவிட்டு வந்தானாம். இரண்டு நாள் அறையை விட்டு வரவில்லை. ஆர்டித் சுட்டுவைத்த பீச் பழப் பலகாரம் அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை வேலியோரத்தில் நாலாவதாக ஒரு மடக்கு நாற்காலி வந்தது. கோல்பி அதை அப்பாவுக்குப் பக்கத்தில் விரித்து உட்கார்ந்தான். உள்ளே டக்கர் ஸைக்ஸ் குனிந்து ஒரு பந்தை அனுப்பினான். கோடு போட்டதுபோல் போனது. இன்னொன்றும் அப்படியே போனது. கோல்பி முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு கவனமாகப் பார்த்தான்.

"ரொம்ப நல்லா அனுப்புறான்ப்பா. எனக்கு அந்த வேகம் வராது" என்றான்.

அது உண்மை. அதைவிடச் சரியாக வெர்லினாலும் சொல்லியிருக்க முடியாது. இத்தனை வருஷத்தில் அவர் நியாயம் தவறி ஒரு பையனைக்கூட எடைபோட்டதில்லை. அந்தப் பெருமையோடுதான் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். அவர் டக்கர் ஸைக்ஸைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். குறை சொல்ல ஓர் இடம் அகப்படவில்லை. தண்ணீர் குடிக்க அவன் ஓரமாக நடந்து போனான்.

"எனக்கு அவன் நடையே பிடிக்கல" என்றார் வெர்லின்.

வைனெல் அந்தப் பையனின் இடுப்பையும் பாதத்தையும் நன்றாகப் பார்த்தார். ஒரு பழுதும் இல்லாத நடை.

"நானே சொல்லணும்னு இருந்தேன். வாத்து மாதிரி நடக்குறான்" என்றார்.

ஒழுங்காக நடக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் அந்தக் காலத்தோடு போய்விட்டார்கள் என்று ஹாய்ட்டும் ஒப்புக்கொண்டார். கோல்பி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் சிரித்துக்கொண்டே கடலைப் பையை எட்டி எடுத்தான்.