சமையல்கட்டில் ஒரு கையெழுத்து

கட்டில் வாசல்படியில் மாட்டிக்கொண்டது. டெலியா தலைமாட்டைத் தள்ள, வக்கீல் பெம்பர்ட்டன் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கால்மாட்டை இழுத்தார்.

"பென்சில்ல போட்டா என்னவாம்?" என்றார் கட்டிலில் கிடந்த அப்பா.

"அழிச்சு எழுதிட்டாங்கன்னு உங்க மகனே கேஸ் போடுவான், ஆல்டன். மைதான் வேணும்."

"அப்ப சமையல்கட்டுக்குத்தான் போகணும். கடிதங்க இருக்கிற ரூமுக்குள்ள பேனா வரக் கூடாது."

நல்ல கூத்து! சாகக் கிடக்கிற மனுஷன் போடுகிற சட்டத்தைப் பாருங்கள். அமெரிக்கச் சுதந்திரப் போர்க் காலத்து யுத்த மந்திரிகளும் அதிகாரிகளும், சிப்பாய்க்குச் செருப்பில்லை, மாவில்லை என்று கைப்பட எழுதிய கடிதங்கள். வாழ்நாளெல்லாம் தேடித் தேடிச் சேர்த்தவர். ஒரு சொட்டு மை சிந்தினால் போச்சு. சட்டைப்பையில் பேனாவோடு வந்த பாதிரியாரையே வெளியே நிறுத்தியிருக்கிறார்.

இன்று புது உயிலில் கையெழுத்துப் போட்டால் அத்தனையும் ஒன்றாக ஊர் நூலகத்துக்குப் போகும். போடாமல் கண்ணை மூடினால், பழைய உயில்படி எல்லாம் பாஸ்டனில் இருக்கும் அண்ணனுக்கு. அவன் ஒவ்வொன்றாக ஏலம் விட்டுவிடுவான். அப்பாவுக்கு மூச்சு இரைத்தது.

"ஒரே தம்மா தள்ளுடி," என்றாள் அம்மா ஹாரியட். "நிலை பேந்தா பேரட்டும்."

பெயின்டைச் சுரண்டிக்கொண்டு கட்டில் உள்ளே வந்தது.

பேனாவைப் பிடிக்க விரல் வளையவில்லை. உதவப் போன டெலியாவை வக்கீல் தடுத்தார். அப்பா தானாகவே எழுதினார். கடைசி எழுத்து கோணிக்கொண்டு தாளின் ஓரத்துக்கே ஓடியது.

"போதும், ஆல்டன். செல்லும்," என்று வக்கீல் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அப்பா தாளை முகத்துக்கு நேரே பிடிக்கச் சொல்லிப் பார்த்தார். "எவனாவது விக்கக் கொண்டுவந்திருந்தா இதை நான் வாங்கியிருக்க மாட்டேன்."

"போலின்னு விரட்டியிருப்பீங்க," என்றாள் அம்மா.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அப்பாடா என்றிருந்தது டெலியாவுக்கு. அழுகையும் கூடவே வந்தது.

வக்கீல் போனதும், "திரும்ப உள்ள தள்ளட்டுமாப்பா?" என்று கேட்டாள்.

"வேண்டாம். இங்க கதகதப்பா இருக்கு."

சாயங்காலம் மூச்சு அடங்கியது. ஒரு கஷ்டமும் படவில்லை.

அடக்கம் செய்பவர்களுக்குப் போன் போட டெலியா எழுந்தாள்.

"கொஞ்சம் பொறு," என்றாள் அம்மா. "இந்த அடுப்படியில இவ்வளவு நேரம் அவர் என்கூட இருந்ததே இல்ல."

நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஓர் ஆப்பிளை எடுத்துத் தோல் சீவத் தொடங்கினாள்.