தொட்டியில்லாத் தண்ணீர்

1997 செப்டம்பர் பதினெட்டாம் தேதி காலை பத்தேகாலுக்கு, கல்கத்தா தாராதலாவில் ஒரு மத்திய அரசு சாய ஆலையின் தீயணைப்பு வண்டியிலிருந்த ஃபைபர் தொட்டி இரண்டாகப் பிளந்து கீழே விழுந்தது. அதிலிருந்த நாலாயிரம் லிட்டர் தண்ணீர் விழவில்லை. மூலை முடுக்கெல்லாம் கூர் மழுங்காமல், தொட்டி இருந்த வடிவிலேயே வண்டி மேல் நின்றது. ரிப்பன் வெட்ட வந்த சேர்மன், கையில் கத்திரிக்கோல் இருந்ததால், வெட்டிவிட்டார்.

தொட்டியை ஒட்டியவர் ஜம்புநாதன். லேக் மார்க்கெட் சந்தில் குடியிருந்துகொண்டு, ஆலையில் ஒன்பது வருஷமாக கேஷுவல். சேர்மன் முன்னால் வண்டி ஒரு சொட்டு ஒழுகாமல் நின்றால் பெர்மனென்ட் ஆர்டர் நிச்சயம் என்று ஜெனரல் மேனேஜர் மித்ரா வாக்குக் கொடுத்திருந்தார். முதல் நாள் விஸ்வகர்மா பூஜை. கல்கத்தாவில் அன்றைக்கு ஸ்பானரைக்கூட யாரும் தொடமாட்டார்கள்; பட்டம் விடுவார்கள். ஃபோர்மன் ஹாருதா தடுத்துப் பார்த்தார். எங்கள் ஆயுத பூஜைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, இது உங்கள் ஊர்க் கணக்கு என்று சொல்லிவிட்டு ஜம்புநாதன் தொட்டியின் விரிசலைத் தேய்த்து, கண்ணாடி இழை மேட் வைத்து, ரெசின் பூசினார். பூஜையன்று கருவியைத் தொட்டால் இப்படித்தான் ஏதாவது ஆகும் என்று ஹாருதா மறுநாள் சொன்னாரே தவிர, ஆச்சரியப்படவில்லை. தண்ணீர் உள்ளிருப்புப் போராட்டம் நடத்துவதாக யூனியன் அறிவித்து, அதற்கும் ஒரு கொடி கட்டியது.

ஜம்புநாதன் ஆர்டர் கேட்கப் போனார். மித்ரா நியாயஸ்தர். "ஒழுகலைங்கிறது வாஸ்தவம், ஜம்பு பாபு. ஆனா தொட்டி எங்கே?" என்றார். தொட்டி இல்லாத இடத்தில் தொட்டி ஒட்டுகிறவர் எதற்கு என்று கேஷுவல் வேலையும் போயிற்று. மித்ரா 'தொட்டியில்லாத் தொழில்நுட்பம்' என்று டெல்லியில் கட்டுரை வாசித்து, சால்வை வாங்கி, டைரக்டர் ஆனார். வண்டி வழக்கம்போல் தீயணைக்கப் போய் வந்தது. குழாயில் இறைத்தால் தண்ணீர் குறையும், நிரப்பினால் பழைய வடிவில் ஏறி நிற்கும். ஜம்புநாதன் மொட்டைமாடித் தொட்டிகளை ஒட்டி நாலு வருஷம் ஓட்டினார். அவர் மனைவி சாவித்ரி பெண்ணின் பள்ளிக்கூடம் திறக்கும் ஒவ்வொரு ஜூனிலும் ஒரே வாக்கியத்தைச் சொன்னாள்: "கொஞ்சம் மோசமா ஒட்டியிருந்தா உத்தியோகம் நிலைச்சிருக்கும்."

2001 ஆகஸ்டில் தண்ணீரில் விரிசல் விட்டது. இடது பக்கம், ஒரு முழ நீளம், தலைமுடி கனம். அதன் வழியே தண்ணீர் தண்ணீரிலிருந்து ஒழுகி, டைரக்டரின் ஷூவில் சொட்டியது. தொழில்நுட்பத்தைப் பார்க்க டெல்லியிலிருந்து குழு மறுநாள் வருவதாக இருந்தது. மித்ரா தன் காரையே லேக் மார்க்கெட்டுக்கு அனுப்பினார். ஜம்புநாதன் வந்து, விரிசலை விரலால் தடவிப் பார்த்து, பையைத் திறக்காமல் நின்றார்.

"கேஷுவல் ஆள் தொட்டிக்குத்தான் சார். தண்ணிக்கு பெர்மனென்ட் ஆள்தான் கை வைக்கணும்."

ஒன்பது வருஷம் நகராத கோப்பு அரை மணியில் நகர்ந்தது. 'தண்ணீர் ஒட்டுநர், நிலை இரண்டு' என்று டைப் ஆன ஆர்டரை ஜம்புநாதன் இரண்டு தடவை படித்து, சட்டைப்பையில் பொத்தான் போட்டு வைத்தபின் முகத்தில் துணி கட்டிக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தார். தண்ணீர்த் தூள் வெள்ளையாகப் பறந்தது.

"ஈரத்துல ரெசின் பிடிக்காதே ஜம்பு, இது உனக்குத் தெரியாதா?" என்றார் ஹாருதா.

"எனக்குத் தெரியும் ஹாருதா. அதுக்குத் தெரியாம இருந்தா போதும். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட்டது. டெல்லிக் குழு அளந்து பார்த்து, போட்ட ஒட்டு, தொழில்நுட்பத்தின் இரண்டாம் கட்டம் என்று எழுதிக்கொண்டு போயிற்று. ஜம்புநாதன் 2009இல், கேஷுவல் வருஷங்களும் கணக்கில் சேர்ந்து, முழுப் பென்ஷனோடு ஓய்வு பெறும்வரை வேறு விரிசல் விடவில்லை. வருஷா வருஷம் விஸ்வகர்மா பூஜையன்று அவர் பட்டம் விட்டார். பெரிய தீயாக அணைத்துவிட்டு வண்டி காலியாகத் திரும்பும் நாட்களில், அந்த ஒட்டு மட்டும் ஒரு முழ நீளத்துக்கு அந்தரத்தில் தனியாக நிற்கும். ஹாருதா அதன்மேல் தன் துண்டைக் காயப் போடுவார்.