கங்கப்பன் கீழே, ராமப்பன் நடுவிலே

"காலை ஆட்டாதடி, கம்ப்யூட்டரும் சேந்து ஆடுது" என்றாள் லாவண்யா.

லிபியாவின் கால் கேட்டால்தானே? ஓசூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த, வெப்சைட் செய்து தரும் அந்தக் கடை லாவண்யாவுடையது. லிபியா கம்பெனியில் வண்டிகளுக்கு ஒயர் பின்னுகிறவள். லீவு நாளெல்லாம் இங்கே வந்து கற்றுக்கொண்டு, முதன்முதலாகத் தனியாக ஒரு பக்கம் செய்திருக்கிறாள். பேரிகை ரோஜா நாற்றுக்காரர்கள் அதற்குச் சரி என்றால் நாளையிலிருந்து இந்த நாற்காலி அவளுக்கு. வேண்டாம் என்றால் மதிய ஷிப்ட் பஸ் வரும், ஏறிப் போக வேண்டியதுதான்.

"அவங்களுக்குப் பிடிக்கும்லாக்கா?"

"என்னைக் கேட்டா? வர்றவங்களைக் கேளு."

வந்தார்கள். கூட்டாளிகள் இருவர். கங்கப்பன் வீட்டில் கன்னடம், ராமப்பன் வீட்டில் தெலுங்கு. சண்டை மட்டும் தமிழில். கம்ப்யூட்டரில் பக்கம் விரிந்தது. மேலே ரோஜாப் படம். அதன்கீழே தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில்.

"கல்யாணப் பத்திரிகையாட்டம் இருக்குதும்மா" என்றார் ராமப்பன்.

"என் போன்ல காட்டு" என்றார் கங்கப்பன்.

திரை சின்னதானால் பத்திகள் ஒன்றின்கீழ் ஒன்றாக இறங்க வேண்டும். கற்றபடியே செய்திருந்தாள். கங்கப்பன் விரலால் தள்ளினார். தமிழ். தள்ளினார். தெலுங்கு.

"கன்னடம் எங்கம்மா?"

"கீழ இருக்கு அண்ணாச்சி. இன்னும் தள்ளுங்க."

"கீழயா?" அவர் முகம் மாறிவிட்டது. "தமிழ் மேல, சரி. ராமப்பன் நடுவுல. நான் மட்டும் குழியிலயா?"

"நான் என்னாத்தய்யா பண்ணேன்?" என்று சிரித்தார் ராமப்பன்.

"சிரிக்காத. பாகலூர் தாண்டி கர்நாடகா போனா வாங்கறவன் பூராவும் நம்ம கன்னட ஆளு. கங்கப்பன் இப்ப ராமப்பன்கிட்ட கூலிக்கு இருக்கானான்னு கேப்பான்!"

"மேல தூக்கி வச்சிருதேன் அண்ணாச்சி." லிபியா கன்னடத்தை மேலே ஏற்றினாள். தெலுங்கு கடைசிக்குப் போயிற்று. ராமப்பனின் சிரிப்பு நின்றது.

"அப்ப நான் கீழயா? நாத்து ஊனுனது இந்தக் கைதானே?"

வெளியே ஹாரன் அடித்தது.

"உன் பஸ்ஸாடி?"

"ஆமாக்கா."

பையை எடுக்கக் கை போயிற்று, திரும்பி வந்தது. பெரிய திரையில் ஏன் யாரும் ஒன்றும் சொல்லவில்லை? எதிரே பார்த்தாள். இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி, ஒரே பெஞ்சில். இடப்பக்கம் யார், வலப்பக்கம் யார் என்று இருவருமே கேட்கவில்லை. மேலே கீழே என்றதும்தானே ரோஷம் வந்தது?

மடமடவென்று தட்டினாள். சின்னத் திரைக்கு ஒரே வரிசையில் மூன்று பொத்தான்கள், மூன்றும் ஒரே அகலம். தொட்டது மட்டும் விரியும்.

"இப்பப் பாருங்க."

கங்கப்பன் கன்னடத்தைத் தொட்டார். விரிந்தது. ராமப்பன் போனைப் பிடுங்கித் தெலுங்கைத் தொட்டார். விரிந்தது.

"தமிழை யாராச்சும் தொடுங்கப்பா" என்றாள் லாவண்யா.

"இப்படியே வுட்டுடும்மா. இனிமே கை வைக்காத" என்றார் கங்கப்பன்.

மறுபடியும் ஹாரன். லிபியா லாவண்யாவைப் பார்த்தாள்.

"என்னைய என்னடி பாக்கற? டிரைவர்கிட்டப் போய்ச் சொல்லு."

ஓடினாள்.

"ஏறும்மா, நேரமாச்சு!"

"நான் வரலண்ணே."

"இன்னிக்கு மட்டுமா?"

"இனிமேயே வரல."

மூச்சிரைக்கத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கங்கப்பன் போனைத் தூரப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, எங்க வீட்டுக்காரி போன் இதவிடச் சின்னது. அதுல எப்பிடித் தெரியும்?"

மேசைக்கடியில் கால் மறுபடி ஆடத் தொடங்கியது.