ஏழாவது ஜன்னல்

ஈக்காரி பிறந்த வீட்டில் ஆறு ஜன்னல்கள் வைத்த இடத்தில் நின்றன. ஏழாவது ஜன்னல் மட்டும் தன் இஷ்டத்துக்கு இடம் மாறியது. நீலச் சாயம் பூசிய இரட்டைக் கதவு, கீழ்க்கொக்கி கொஞ்சம் தளர்வு. யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு சுவரிலிருந்து கழன்று இன்னொரு சுவரில் போய் உட்கார்ந்துகொள்ளும். விட்டுப்போன இடத்தில் சுண்ணாம்புகூட உதிர்ந்திருக்காது. அப்பாவைப் பெற்ற பாட்டி பிறந்த வீட்டிலேயே அது இருந்தது; அவளோடு வந்து அப்பாவின் குடும்பத்தில் சேர்ந்தது. அப்பா கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்த மூன்றாம் நாள், யாரும் கூப்பிடாமலே பின்னால் வந்து சமையலறைச் சுவரில் ஏறிக்கொண்டது. அம்மா தையல்காரி. அவள் பிறந்த வீட்டு ஜன்னல்கள் எல்லாம் ஒழுங்காக ஓரிடத்தில் நின்றவை. புது ஜன்னலைப் பார்த்ததும் திரைச்சீலைக்கு அளவெடுத்தாள். ஓரம் அடித்து முடிப்பதற்குள் ஜன்னல் குளியலறைக்குப் போய்விட்டது. துணியை மடித்துத் தன் பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள்.

பிள்ளை உண்டாகும்வரை அதனால் யாருக்கும் தொந்தரவில்லை. அம்மா மூன்று மாதமாக இருந்தபோது அது கட்டிலின் தலைமாட்டுக்கு வந்து எட்டு நாள் தங்கியது. அந்த எட்டு நாளில் வயிற்றுப் பிள்ளைக்கு எது உருவாகிக்கொண்டிருந்ததோ அது அணைந்துவிட்டது. அண்ணன் கை கால் எல்லாம் சரியாகப் பிறந்தான், சிரிப்பு மட்டும் இல்லை. பின்னாளில் குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் மேஜை அவனுக்குக் கிடைத்தது. தங்களைப் பார்த்து இளிக்காத ஒரே அதிகாரி என்று ஜனங்கள் அவனிடமே வரிசை கட்டினார்கள். அடுத்தது ஈக்காரி. அவள் வயிற்றிலிருந்த ஐந்தாம் மாதம் ஜன்னல் வந்தது, கண்ணீர் போயிற்று. எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் வெங்காயம் நறுக்க அவளைத்தான் கூப்பிட்டார்கள். மூன்றாவது பிள்ளை தங்கவே இல்லை. அப்பா நீள ஆணிகளால் ஜன்னலை அறைந்து பார்த்தார்; மறுநாள் ஆணிகள் சுவரில் இருந்தன, ஜன்னல் மாடிப்படிக்குப் போயிருந்தது. அப்பாவைப் பெற்ற பாட்டி வந்து விசாரித்துவிட்டு, அதே ஜன்னலடியில் தான் ஆறு பெற்றதையும் ஆறும் சிரித்து அழுது வளர்ந்ததையும் சொன்னாள். "எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணும் ஆகல. அப்போ குறை யாருகிட்டன்னு நீயே பாத்துக்கோ," என்றாள். அந்தப் பேச்சு முப்பது வருஷம் அம்மாவின் நெஞ்சிலேயே கிடந்தது.

ஈக்காரிக்கு அந்தப் பெயர் வேலையால் வந்தது. ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பழ ஈ வளர்ப்பது அவள் பொறுப்பு. சோளமாவும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டுக் கூழ் காய்ச்சிக் குப்பிகளில் ஊற்றுவாள். பதினான்கு நாளுக்கொரு தடவை ஈக்களைப் பழைய குப்பியிலிருந்து புதியதற்குத் தட்டி மாற்றுவாள். அங்கே இரண்டு வம்சங்கள் இருந்தன. ஒன்று பல தலைமுறையாகக் குப்பிக்குள்ளேயே பிறந்து குப்பிக்குள்ளேயே செத்தது. மற்றது பழச்சந்தையில் பிடித்தது. சந்தை ஈக்களின் மரபில் ஒரு துண்டு உண்டு. அது தானே கழன்று வேறிடத்தில் போய் ஒட்டும். எந்த மரபணுவுக்குப் பக்கத்தில் ஒட்டுகிறதோ அது வாயடைத்துப்போகும், இல்லையென்றால் நேரங்கெட்ட நேரத்தில் வேலை செய்யத் தொடங்கும். ஈயின் உடம்பு உருவாகும் பருவத்தில் அப்படி ஆனால் இறக்கை சுருளும், கண் திட்டுத்திட்டாகும். பேராசிரியை இதை முதல் நாள் விளக்கியபோது, "எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு மேடம்," என்றாள் ஈக்காரி. பேராசிரியை தலையாட்டிவிட்டு வருகைப் பதிவில் கையெழுத்துப் போடச் சொன்னார். அன்றிலிருந்து ஒன்பது வருஷம் அவள் சேர்த்துவைத்தது ஒரே ஜோடி: சந்தை ஆண், குப்பிப் பெண். பிறக்கும் மகள்களுக்கு முட்டைப்பை சுருங்கியிருக்கும். தப்பித்தவறி வந்த பேரப்பிள்ளைகள் கோணல்மாணலாக இருக்கும்.

அவளுக்குக் கல்யாணமாகி வாடகை வீட்டுக்குப் போனபோது ஜன்னலும் கூடவே வந்தது. வீட்டுக்காரர் ஜன்னல்களை இரண்டு தடவை எண்ணிவிட்டு, யாரைக் கேட்டுச் சுவரை இடித்தீர்கள் என்றார். வயரிங் வேலை பார்க்கும் கணவன், காற்றுதானே வருகிறது என்று சமாதானம் சொல்லி அனுப்பினான். அவள் முழுகாமல் இருந்த நான்காம் மாதம் ஜன்னல் கட்டில் பக்கம் வந்து நின்றது. அம்மா மூட்டை முடிச்சோடு வந்து கட்டிலை அறை அறையாக இழுத்தாள். ஜன்னல் பின்னாலேயே போனது. "எல்லாம் என் வழிதான்டி. எங்கிட்டேருந்து உனக்கும் வந்துடுச்சு," என்றாள். பிள்ளைக்கு எது அணையுமோ, பிள்ளைதான் தங்குமோ என்று ஈக்காரிக்குப் பயம் வந்தது. அழ வழியில்லாததால் முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அந்த நினைப்பிலேயே பன்னிரண்டு குப்பிகளில் சீட்டை மாற்றி ஒட்டி, சந்தைப் பெண்ணையும் குப்பி ஆணையும் சேர்த்துவிட்டாள். மூன்றாம் வாரம் பார்த்தால், பிறந்த மகள்கள் கூழ் முழுக்க முட்டை இட்டு நிறைத்திருந்தன.

பேராசிரியை சீட்டைத் திருப்பிப் பார்த்தார். "ஆண் பெண்ணை மாத்திட்ட. அம்மா சந்தைக்காரியா இருந்தா ஒண்ணும் ஆகாது. துண்டு அதேதான். ஆனா அவ அதோட பழகினவ. எப்படி அடக்கிவைக்கணும்னு முட்டையிலேயே சொல்லி அனுப்பிடுவா. அப்பா மட்டும் கொண்டுவந்தா, பிள்ளைக்குச் சொல்ல ஆளில்ல."

"அப்போ தெரியாத அம்மா மேல தப்பா மேடம்?"

"தப்பென்ன? அவ அதைப் பாத்ததே இல்லையே."

"அப்படிச் சொல்ல ஆளில்லாம பொறந்த மகளுங்க?"

"சிலது வயசாக ஆக அதை அடக்கக் கத்துக்கும், தன் பிள்ளைக்கும் சொல்லி அனுப்பும். ரொம்ப வருஷமா தெரிஞ்ச விஷயம்தானே, உனக்கு யாரும் சொல்லலையா?"

ஒன்பது வருஷத்தில் யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா மறுபடியும் கட்டிலை இழுத்துக்கொண்டிருந்தாள். நகர்த்த முடியாதபடி ஈக்காரி அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். ஈக்களிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். "உன் மேல தப்பில்லம்மா. உனக்கு அது புதுசு, அவ்வளவுதான். பாட்டிக்குப் பழக்கம். இப்போ எனக்கும் பழக்கம்." "உங்க பாட்டி இருக்கும்போதே இதை யாராச்சும் சொல்லியிருக்கலாம்," என்றாள் அம்மா. பிறகு இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதாள்.

அதற்குப் பிறகு கட்டிலை யாரும் நகர்த்தவில்லை. பெண் பிள்ளை பிறந்தது. பிறந்த நிமிஷமே அழுதது, முதல் மாதம் முடிவதற்குள் கண்ணில் நீரும் வந்தது, இரண்டாம் மாதம் சிரிப்பில்லாத மாமனின் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. அவன் அதைத் தேதி போட்டு எழுதிவைத்துக்கொண்டான். ஜன்னல் இன்னும் வீடெல்லாம் சுற்றுகிறது. அது தொட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்ற ஒரு காலையில் அம்மா தான் கொண்டுவந்த பெட்டியின் அடியிலிருந்து பழைய திரைச்சீலைத் துணியை எடுத்து, மிச்ச ஓரத்தை அடித்து மாட்டினாள். அளவு சரியாக இருந்தது.